அன்னார் அக்கா கேட்டு வாங்கிய ஃபெயில்

மாத்தளை மாவட்டத்தில் அன்னார் அக்கா அளவுக்கு ஆட்களைக் கொன்றவர் எவரும் கிடையாது. கத்தியில்லை, துவக்கில்லை. ஒரு பென்சிலும் இடம் மாறிப்போன ஒரு தசமப் புள்ளியும் அவளுக்குப் போதும். அதை வைத்துக்கொண்டு, காலையில் உக்குவளை ஸ்டேஷனில் கண்டி ரயிலுக்குக் காத்து நிற்கும் கூட்டம் அத்தனையையும் ஒரு வருடத்தில் தீர்த்துக்கட்டியிருப்பாள். தீர்த்துக்கட்டிய ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று மரண அறிவித்தல் வாசித்தவளும் அவள்தான்.

நாங்கள் தாதியர் படிப்பு படித்த தனியார் நிறுவனம் மாத்தளை டவுனில் இருந்தது. பெரிதாகக் கற்பனை பண்ண வேண்டாம். கீழே மிளகும் கராம்பும் மொத்தமாக வாங்கும் கடை, மேலே நாங்கள். இதயத்தைப் படித்தாலும் கராம்பு வாசம், சிறுநீரகத்தைப் படித்தாலும் கராம்பு வாசம். பாடத்துக்கென்று ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு இருந்தது. அதற்கு இடது கை இல்லை. "ஓடர் பண்ணியிருக்கோம், வருது" என்று டிரெக்டர் சொன்னார். நாங்கள் படித்து முடித்து வெளியேறும்வரை அந்தக் கை வந்து சேரவில்லை. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், விளக்கம் சிங்களத்தில் வரும், ஏச்சு மட்டும் தெளிவான தமிழில் கிடைக்கும்.

மருந்தளவுக் கணக்கை எங்களுக்குப் படிப்பித்தவர் கம்ப்யூட்டர் சேர். ஆங்கிலமும் அவர்தான், ஆளுமை விருத்தியும் அவர்தான். ஆஸ்பத்திரி வார்டு எதற்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை. இரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும் என்று ஒரு தகுதியைப் போலச் சொல்லிக்கொள்வார். முதல் நாள் பலகையில் ஒரு சூத்திரம் எழுதினார். டொக்டர் கொடுக்கச் சொன்னதை, போத்தலில் இருப்பதால் பிரி. வந்ததைக் கரைசலின் அளவால் பெருக்கு.

"இதை மனப்பாடம் பண்ணுங்க. மிச்சம் தானா வரும்" என்றார்.

எங்களுக்குத் தானாக வந்தது தலைவலி.

வகுப்பில் எல்லோரும் பள்ளிக்கூடம் முடித்த சூட்டோடு வந்தவர்கள். அன்னார் அக்காவுக்கு மட்டும் முப்பது நெருங்கியிருந்தது. ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். அதற்கு முன்பு பல வருடம் கொழும்பில் ஒரு வீட்டில் நின்று, படுத்த படுக்கையாகக் கிடந்த வீட்டுக்கார நோனாவைப் பார்த்துக்கொண்டவள். நோனா காலமானதும், தெரிந்த வேலையை முறையாகப் படித்துச் செய்வோம் என்று புறப்பட்டு வந்துவிட்டாள். ஆளைத் திருப்பிப் படுக்க வைப்பது, புண் வராமல் பார்ப்பது, கோபக்கார நோயாளியைச் சாப்பிட வைப்பது எல்லாம் எங்கள் விரிவுரையாளர்களைவிட நன்றாக வரும். கணக்கு மட்டும் வராது. தசமப் புள்ளிக்கும் அவளுக்கும் ஜென்மப் பகை.

சேர் தந்த கணக்குகள் நெட்டிலிருந்து எடுத்தவை. அதனால் எங்கள் நோயாளிகள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். முதல் கணக்கில் தோம்சன் என்பவர் படுத்திருந்தார். அவருக்கு இருநூற்றைம்பது மில்லிகிராம் மருந்து கொடுக்க வேண்டும். போத்தலில் ஐந்து மில்லி கரைசலுக்கு ஐந்நூறு மில்லிகிராம் இருக்கிறது. எத்தனை மில்லி எடுப்பாய்?

சேர் அக்காவை எழுப்பினார். அவள் பென்சிலால் வெகுநேரம் உழுதுவிட்டு, "இருபத்தஞ்சு மில்லி சேர்" என்றாள்.

"பிழை. ரெண்டரை. புள்ளியை விட்டுட்டீங்க. பரவாயில்ல, உட்காருங்க."

அவள் உட்காரவில்லை.

"பரவாயில்லையா சேர்? அப்ப தோம்சனுக்கு என்னா ஆகும்?"

"எந்தத் தோம்சன்?"

"கணக்குல படுத்திருக்காரே, அவருதான்."

சேர் பலகையைத் திரும்பிப் பார்த்தார், அங்கே யாரும் படுத்திருக்கிறாரோ என்பதுபோல. "அது சும்மா ஒரு பேருதானே."

"பத்து மடங்கு மருந்து போயிருக்கே சேர். செத்திருப்பாரா?"

சேர் கொஞ்சம் யோசித்தார். அவருக்கே தெரியாத கேள்வி. "அநேகமா" என்றார்.

அக்கா தலையைக் குனிந்து ஒரு கணம் நின்றாள். பிறகு காலையில் ரேடியோவில் சாவுச் செய்தி வாசிக்கும் அதே குரலில், அதே இழுவையில் ஆரம்பித்தாள். "மரண அறிவித்தல். லண்டனைப் பிறப்பிடமாகவும், மாத்தளை ரெண்டாம் மாடியை வசிப்பிடமாகவும் கொண்ட திருவாளர் தோம்சன் அவர்கள் இன்று காலமானார். அன்னார், திருமதி தோம்சனின் அன்புக் கணவரும், பெயர் குறிப்பிடப்படாத பிள்ளைகளின் பாசமிகு தந்தையும் ஆவார். இத்தகவலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல், மருந்து கொடுத்தவர்."

வகுப்பு சிரித்து அடங்க நேரமானது. அவள் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, அதே கணக்கை முதலிலிருந்து போட ஆரம்பித்தாள். அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் போய், அறிவித்தலில் செத்தவரைக் குறிக்கும் 'அன்னார்' ஒட்டிக்கொண்டது. அன்னார் என்றாலும் திரும்பிப் பார்ப்பாள், அன்னார் அக்கா என்றாலும் திரும்பிப் பார்ப்பாள்.

போடிங்கில் அவளும் நானும் ஒரே அறை. எனக்கு ஊர் பல்லேபொல. பஸ்ஸை நம்பிப் போய்வர முடியாததால் டவுனில் தங்கினேன். அந்த அறையில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இன்றுவரை வார்டில் செய்துகொண்டிருக்கிறேன். நிறுவனத்தில் கற்றது அந்த எலும்புக்கூட்டின் இடது கையளவு.

ஒருநாள் சேலைன் கணக்கு. ஒரு லீட்டர் சேலைனை எட்டு மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிக்கு இருபது சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விடுவாய்? மணித்தியாலத்தை நிமிடமாக்க மறந்துபோய் நான் இரண்டாயிரத்து ஐந்நூறு என்று எழுதியிருந்தேன். அக்கா எட்டிப் பார்த்தாள். என் கையைப் பிடித்து முற்றத்துப் பைப்படிக்கு இழுத்துப் போனாள். பைப்பை முழுதாகத் திறந்துவிட்டாள்.

"எண்ணு."

"என்னக்கா எண்ணுறது?"

"சொட்டு. ரெண்டாயிரத்து ஐந்நூறு வருதான்னு பாரு."

தண்ணீர் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. "இது சொட்டா ஓடுது? ரிவர்ஸ்டன் அருவியைக் கொண்டாந்து ஒருத்தர் கையில குத்தியிருக்க. அந்த மனுசன் மிதந்து போயிருப்பாரு" என்றாள். போடிங்கார அம்மா ஜன்னலைத் திறந்து, தண்ணீர் பில்லை யார் கட்டுவது என்று கேட்டார். அக்கா பைப்பை மூடிவிட்டு, ஈரக் காலோடு நின்று, மிதந்துபோனவருக்கு அறிவித்தல் வாசித்தாள். "தகவல், அருகில் நின்றவர்" என்று முடித்தாள். சரியான விடை நாற்பத்திரண்டு. அதற்குப் பிறகு நிமிடத்தை நான் மறந்ததில்லை.

இன்னொரு நாள் அவளுடைய முறை. கணக்கில் வில்சன் அம்மாவுக்கு மைக்ரோகிராமில் சொன்ன இதய மாத்திரையை மில்லிகிராமில் இருக்கும் மாத்திரையால் அப்படியே பிரித்து, ஐந்நூறு மாத்திரை என்று விடை எடுத்துவிட்டாள். சரியான விடை அரை மாத்திரை. அவள் தன் ஐந்நூறையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வில்சன் அம்மா பாவம்டீ" என்றாள். "எழுபத்தெட்டு வயசு. ஐந்நூறு மாத்திரை. தண்ணி குடிச்சே வயிறு ஊதியிருக்கும். நான் பக்கத்துல நின்னு, இன்னும் நானூத்தி முப்பதுதாம்மா, முழுங்குங்கன்னு சொல்லியிருப்பேன்."

நான் கட்டிலிலிருந்து விழுந்து சிரித்தேன். அவள் வில்சன் அம்மாவுக்கு எழுந்து நின்றாள். தான் கொன்றவர்களுக்கு வாசிக்கும்போதுதான் அவள் குரல் மிகவும் எடுப்பாக இருக்கும். மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூதவுடல் எடுக்கும் நேரம் எல்லாம் ஒழுங்காக வரும்.

இப்படியாக அவள் ஒரு முறையைக் கண்டுபிடித்தாள். சூத்திரத்துக்கு முதல் ஆளைப் பார்ப்பது. "ஆளு எத்தனை கிலோ? ஊசி எவ்வளவு பெருசு? இவ்வளவு மருந்து இந்த ஊசிக்குள்ள அடங்குமா? அடங்காதுன்னா கணக்கு பிழை. அடங்கினா, அப்பவும் பிழையா இருக்கலாம். திரும்பப் போடு." இதை அவள் எங்கேயும் படிக்கவில்லை. புள்ளியைத் தன்னால் நம்ப முடியாது என்று தெரிந்ததால் கண்ணை நம்பினாள், அவ்வளவுதான்.

குழந்தைக் கணக்கு வந்தபோதுதான் ஒரு விஷயம் கவனித்தேன். ஏழு கிலோ குழந்தை ஒன்றுக்கு நான் பெரியவர்களின் அளவைக் கொடுத்துவிட்டேன். அறிவித்தலுக்காகக் காத்திருந்தேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டு உடுப்புக் கழுவப் போய்விட்டாள். பின்னாலேயே போய், "என்னக்கா, இதுக்கு வாசிக்கலையா?" என்று கேட்டேன்.

"புள்ளைங்களுக்கு வாசிக்க மாட்டேன்."

"ஏன்?"

சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க தோட்டத்து டிஸ்பென்சரியில ஒரே மருந்துதான். ரோஸ் கலர்ல ஒரு தண்ணி. கிழவனுக்கும் ஒரு மூடி, கைப்புள்ளைக்கும் ஒரு மூடி. அளவு கேட்டா, மருந்து ஐயாவுக்குக் கோவம் வந்துரும். பொழைச்சது பொழைச்சுச்சு. பொழைக்காததுக்கு, காய்ச்சல்னு சொல்லுவாங்க. எது காய்ச்சல்ல போச்சு, எது மூடியில போச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"யாராவது..."

"யாருன்னு கேக்காத" என்றாள். பிறகு தானாகவே, "எங்க லயத்துல வீட்டுக்கு வீடு காலையில ரேடியோ ஓடும். அந்த மரண அறிவித்தல் எல்லாத்தையும் கேப்போம். டீச்சர் செத்தா வரும், கடை முதலாளி செத்தா வரும், கனடாவுல இருக்கிறவரோட மாமியார் செத்தா வரும். எங்க ஆளுங்க பேரு ஒருநாளும் வந்ததில்ல. அதான், பேப்பர்ல சாகிற ஆளுக்காவது வரட்டும்னு நெனைச்சேன்."

உடுப்பைப் பிழிந்து கொடியில் போட்டாள். நான் அந்தக் குழந்தைக் கணக்கைத் திரும்பப் போட்டேன். அன்று சரியாக வந்தது.

இறுதிப் பரீட்சையில் இருபது கணக்குகள், அதே வெள்ளைக்காரர்களுக்கு வேறு அளவுகள். ஒரு வாரத்தில் பெறுபேறு பலகையில் ஒட்டினார்கள். எல்லோரும் சித்தி, ஒருவர்கூட ஃபெயில் இல்லை. வகுப்பில் பாதி நாள் வராமல் நிச்சயதார்த்தம் முடித்துக்கொண்டவளும் சித்தி. அக்காவுக்கு நாற்பத்தைந்து புள்ளி. ஒன்பது கணக்கு சரி. எங்கள் நிறுவனத்தில் நாற்பது எடுத்தால் போதும்.

பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், செல்ஃபி எடுத்தார்கள். அக்கா பலகையை இரண்டு தரம் வாசித்துவிட்டு நேராக டிரெக்டரின் அறைக்குப் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். டிரெக்டர் கழுத்துப்பட்டி கட்டிய தமிழர். மேசைக்குப் பின்னால் அவருடைய படமே மாட்டியிருக்கும்.

"சேர், எனக்கு நாப்பத்தஞ்சு."

"ஓ, பாஸ்தானே. வாழ்த்துக்கள்."

"பதினொரு பேர் செத்திருக்காங்க சேர்."

டிரெக்டர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "எங்க?"

"வினாத்தாள்ல சேர்."

அவர் திரும்ப உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது பேப்பர்தானேம்மா."

"அடுத்த மாசம் நான் பேப்பருக்கா சேர் ஊசி போடப்போறேன்?"

"வார்டுல யாரும் கணக்குப் பாக்கிறதில்ல. சிஸ்டர் சொல்லுவாங்க, நீங்க போடுவீங்க."

"சிஸ்டர் பிழையா சொன்னா?"

"இப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

"ஃபெயில் போட்டுத் தாங்க சேர். திரும்ப எழுதுறேன்."

இத்தனை வருடத்தில் டிரெக்டரிடம் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். "எங்ககிட்ட ஃபெயில் கிடையாதும்மா" என்றார். அந்த அறையில் அவர் பேசி நான் கேட்ட ஒரே உண்மை அதுதான்.

அவள் விடவில்லை. தினமும் போய் வாசலில் நின்றாள். கடைசியில் தொல்லை தாங்காமல், இன்னொரு முறை எழுதவிடும்படி கம்ப்யூட்டர் சேரிடம் சொன்னார்கள். சேர் பழைய வினாத்தாளில் தோம்சனைப் பெரேராவாக்கி, வில்சன் அம்மாவைச் சில்வா அம்மாவாக்கிக் கொடுத்தார். அக்கா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பேரை மாத்தினா ஆள் மாறுமா சேர்? இவங்கள நான் ஏற்கனவே கொன்னுட்டேன். புது ஆளுங்களத் தாங்க."

சேருக்குப் புது ஆட்கள் பிடிக்க இரண்டு வாரம் எடுத்தது. அந்த இரண்டு வாரமும் நான் கணக்குச் சொல்ல அவள் போட்டாள். சமைக்கும்போது, கோயிலுக்குப் போகும்போது, பஸ் நிலையத்தில் நிற்கும்போது. இந்த முறை இருபதில் பதினாறு சரி. சேர் கைகொடுக்க வந்தார். "இன்னும் நாலு பேர் இருக்காங்க சேர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதற்குமேல் அவளோடு மினக்கெட நிறுவனத்துக்கு நேரமில்லை. பட்டமளிப்புக்கு மண்டபம் பிடித்தாயிற்று. கறுப்பு அங்கிகள் வாடகைக்கு வந்தாயிற்று. எங்கள் எல்லோருக்கும் கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை என்று டிரெக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஆஸ்பத்திரியின் மேட்ரன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மேடையில் பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகப் போய்ச் சுருட்டிய சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு படத்துக்குச் சிரித்தோம். அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. திரும்பக் கூப்பிட்டார்கள். அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே எழுந்து நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

"எனக்கு இன்னும் நாலு பேர் சாகாம இருக்கணும் சேர். அதுக்குப் பிறகு வாங்கிக்கிறேன்."

மண்டபம் அடங்கிப் போயிற்று. நாதஸ்வரக்காரர் மட்டும் ஏதோ முடிந்துவிட்டதென்று நினைத்து ஒருமுறை ஊதி நிறுத்தினார். மேட்ரன் சிங்களப் பெண்மணி. பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொன்னாள் என்று கேட்டார். அவர் அப்படியே மொழிபெயர்த்தார். மேட்ரன் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் டிரெக்டரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மறுவாரம் செய்தி வந்தது. ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன் எல்லோரும் மருந்தளவுச் சோதனை எழுத வேண்டும். ஒரு கணக்குப் பிழைத்தாலும் எடுக்க மாட்டார்கள்.

போடிங்கில் அன்று கேட்ட வசவுகளை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. சீதனத்துக்கு இருந்ததை எடுத்துப் படிக்க வைத்த அப்பாமார், வேலை கிடைத்துவிட்டதென்று ஊரெல்லாம் சொல்லி முடித்த அம்மாமார், எல்லோரும் போனில் அழுதார்கள். "அவ ஃபெயிலாகிறதுன்னா தனியா ஆகவேண்டியதுதானே, எங்களை ஏன் இழுக்கிறா?" என்று ஒருத்தி என்னிடம் கத்தினாள். கணக்குத் தெரியாமல் அந்தப் பெண்களை மேடையில் ஏற்றியது யார் என்று யாரும் கேட்கவில்லை. டிரெக்டரின் போன் அந்த வாரம் முழுக்க வேலை செய்யவில்லை.

சோதனைக்கு ரயிலில் கண்டிக்குப் போனோம். அக்காவும் வந்தாள். யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை, என்னைத் தவிர. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கிளார்க் சர்டிபிகேட்டைப் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டார்.

"நான் இன்னும் வாங்கல சேர். சோதனையை எழுதிட்டு, எல்லாம் சரியா வந்தா வாங்கிட்டு வாரேன்" என்றாள் அக்கா.

"சர்டிபிகேட் இல்லாம எழுத ஏலாது."

"கணக்குத் தெரியுமான்னுதானே சோதனை?"

"அது எனக்குத் தெரியாது தங்கச்சி. எனக்கு சர்டிபிகேட்டைப் பாக்கச் சொல்லியிருக்காங்க."

சோதனையே அவளால் வந்தது. அவள் வாசலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நாற்பது புள்ளி எடுத்தவளும் அறுபது புள்ளி எடுத்தவளும் எழுதினோம். நான் ஒவ்வொரு கணக்கிலும் ஆளைப் பார்த்தேன், ஊசியைப் பார்த்தேன், பிறகு திரும்பப் போட்டேன். ஏழு பேர் தேறினோம். வெளியே வந்ததும் அக்கா எழுந்து வந்தாள்.

"எத்தனை பேர்?"

"யாரும் இல்லக்கா. எல்லாரும் உசிரோட இருக்காங்க."

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று மாலை போடிங்குக்குத் திரும்பியபோது அவளுடைய பையும் பாயும் வாசலுக்கு வெளியே கிடந்தன. யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு ரத்தோட்டை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

தேறாதவர்களை நினைத்து யாரும் கவலைப்பட வேண்டாம். சோதனை வைக்காத இடங்களுக்கு எப்போதும் ஆள் தேவை. ஆறு மாதத்துக்குள் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டது. இன்றைக்கும் எங்கோ ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாசகர்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நிறுவனமும் நன்றாக நடக்கிறது. போன மாதம் பார்த்தேன், இன்னொரு மாடி எழும்புகிறது.

அக்காவை அடுத்ததாக நான் பார்த்தது மாத்தளை கண்டி வீதியில் ஒரு வாசனைத் தோட்டத்தில். சுற்றுலாக்காரர்களுக்கு ஏலச்செடியையும் கறுவாவையும் காட்டி, முடிவில் எண்ணெயும் கஷாயமும் விற்கும் இடம் அது. பச்சை அங்கி மாட்டிக்கொண்டு அக்கா நின்றாள். கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம். தகப்பனார் மூட்டுவலிக் கஷாயப் போத்தலைத் தூக்கி, "எத்தனை கரண்டி குடிக்கணும்?" என்று கேட்டார்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஐயா எத்தனை கிலோ?"

"ஒரு தொண்ணூறு இருக்கும்."

"அம்மா?"

"அவ ஐம்பது. ஏன்?"

"ரெண்டு பேருக்கும் ரெண்டு கரண்டின்னுதான் போத்தல்ல எழுதியிருக்கு. அது எப்புடின்னு எனக்குத் தெரியலைங்க. பிரஷருக்கு மருந்து எடுக்கிறீங்களா? அப்ப டொக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க. இதோட அளவு எனக்குத் தெரியாது. இங்க யாருக்கும் தெரியாது."

அந்தக் குடும்பம் கறுவாப் பட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனது. பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த முதலாளி, அக்காவிடம் அங்கியைக் கழற்றித் தரச் சொன்னார். அவள் அதை மடித்து மேசையில் வைத்துவிட்டு என்னோடு வீதிக்கு வந்தாள். "மூணு மாசம் தாக்குப்பிடிச்சிருக்கேன்டீ, பெரிய விஷயம்" என்றாள்.

போன வருடம் என் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி, காலையும் மாலையும் இன்சுலின் போடச் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குக் கண் மங்கல். பல்லேபொலயில் தனியாக இருந்தார். எனக்குக் கண்டியில் வார்டை விட்டு வர முடியாது. பக்கத்து ஊரில் இருந்த, எங்களோடு படித்த ஒருத்தியை ஏற்பாடு பண்ணினேன். சுவரில் சட்டம் போட்ட சர்டிபிகேட் வைத்திருப்பவள். நான் லீவில் போன நாளன்று அவள் போனில் சிரித்துப் பேசிக்கொண்டே ஊசியில் மருந்தை இழுத்தாள். ஊசியின் அளவுக் கோட்டைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ரத்தோட்டைக்கு ஏறினேன்.

அக்கா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். கூடையை இறக்கிவிட்டு நான் சொன்னதைக் கேட்டாள்.

"எனக்குச் சர்டிபிகேட் இல்லையேடீ."

"தெரியும். அதனாலதான் வந்தேன்."

அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா எத்தனை கிலோ?" என்று கேட்டாள்.

இப்போது பல்லேபொலயில் அம்மாவோடுதான் இருக்கிறாள். அம்மாவுக்கு அவளைப் பிடிக்கும், ஊசி நேரத்தைத் தவிர. இன்று காலை வார்டுக்குப் போகும் வழியில் அம்மா போனில் கூப்பிட்டார்.

"இவளோட பெரிய கரைச்சலா இருக்குடி. ஊசியை வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கிறா, வைக்கிறா. போத்தலைப் பாக்கிறா, திரும்ப ஊசியைப் பாக்கிறா. எனக்குப் பசிக்குது, இடியப்பம் ஆறிப்போச்சு. நீயாவது சொல்லு."

"கொஞ்சம் பொறுங்கம்மா. அவ பாக்கட்டும்."

அம்மா முணுமுணுத்துக்கொண்டே போனைக் கீழே வைத்தார், நிறுத்த மறந்துவிட்டார். அந்தப் பக்கம் அக்கா ஒவ்வொரு கோடாக வாய்விட்டு எண்ணுவது கேட்டது. வார்டு வாசலில் நின்றபடி, அவள் எண்ணி முடிக்கும்வரை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.